நர்சிங் ஸ்கூலுக்கு மூன்று பரிந்துரைக் கடிதம்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

மல்லிகைச்சரம் (நியூ ஜெர்சி), அக்டோபர் 6

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 34. ஊரில் 2011இல் இன்ஜினியரிங் (ஈசிஇ) முடித்தேன், கல்யாணமாகி எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கானது) இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. அம்மா கடைசியாக மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான்தான் கூட இருந்தேன். அங்கே இரவு நேரத்தில் வந்த ஒரு சிஸ்டர் அம்மாவைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பு மேல் மனது போனது, அதற்கப்புறம் மாறவே இல்லை. திரும்பி வந்து கம்யூனிட்டி காலேஜில் அனாட்டமி இரண்டு பகுதி, மைக்ரோபயாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டேன். கையில் ஏற்கெனவே ஒரு டிகிரி இருப்பதால் ஏபிஎஸ்என் படிப்புக்கு (வேறு டிகிரி முடித்தவர்கள் சீக்கிரமாக முடிக்கும் நர்சிங் டிகிரி) மூன்று இடங்களில் விண்ணப்பிக்கப் போகிறேன். எல்லாமே நர்சிங்கேஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாகத்தான். கடைசித் தேதி ஜனவரி 15.

மார்க்கைப் பற்றியோ கட்டுரையைப் பற்றியோ பயமில்லை. பரிந்துரைக் கடிதம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டு இடத்தில் இரண்டு கடிதம், ஒரு இடத்தில் மூன்று, அதில் ஒன்று அறிவியல் பாடம் நடத்தியவரிடமிருந்து வர வேண்டும் என்கிறார்கள். என் அனாட்டமி முழுக்க ஆன்லைன், அந்தப் பேராசிரியரை நேரில் பார்த்ததே கிடையாது. மைக்ரோபயாலஜி மட்டும் நேரில் போய்ப் படித்தது, லேப் எடுத்த மேடத்துக்கு என்னைத் தெரியும், ஆனால் அவர் பகுதி நேரமாக வருகிறவர்தான். இன்ஜினியரிங் எச்ஓடி சார் ரிட்டயர் ஆகிவிட்டார், வாட்ஸ்அப்பில் கேட்டேன், "நீயே டைப் பண்ணி அனுப்பும்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். கணவரின் பெரியப்பா மகன் பென்சில்வேனியாவில் கார்டியாலஜிஸ்ட், பிரமாதமாக எழுதித் தருவதாகச் சொல்கிறார். அப்புறம் பக்கத்து ஆஸ்பத்திரியில் 14 மாதமாகச் சனிக்கிழமைதோறும் வாலண்டியராகப் போகிறேன், டிஸ்சார்ஜ் ஆகிறவர்களை வீல்சேரில் கார் வரைக்கும் கொண்டுபோய் விடுவதுதான் பெரும்பாலும் வேலை. அங்கே யாரிடமாவது கேட்கலாமா? வீல்சேர் தள்ளுவதைப் பற்றி என்ன எழுத முடியும் என்றும் தோன்றுகிறது.

இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அவர்கள் நேரத்தை வாங்குகிறோமே என்று. மூன்று தடவை மெயில் எழுதி அனுப்பாமல் அழித்துவிட்டேன்.


இரவுப்பணி (ஹூஸ்டன்), அக்டோபர் 6

தங்கச்சி, முதலில் அந்த கார்டியாலஜிஸ்ட்டை விட்டுவிடுங்கள். சொந்தக்காரர், குடும்ப நண்பர் கடிதம் வேண்டாம் என்று பல ஸ்கூல்கள் எழுதியே வைத்திருக்கின்றன. அப்படி எழுதாத இடத்திலும் அது எடுபடாது. "எவ்வளவு நாளாக, எந்த முறையில் தெரியும்" என்ற கேள்விக்கு அவர் உண்மையைச் சொன்னால் அடிபட்டுவிடும், மறைத்தால் அது பொய். டாக்டர் பட்டம் பெரியதாகத் தெரியும், ஆனால் அவர் உங்களை வேலை செய்யும் இடத்தில் ஒரு மணி நேரமாவது பார்த்திருக்கிறாரா?

நான் ஏபிஎஸ்என் முடித்து ஆறு வருடமாக மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை) வார்டில் இரவு ஷிப்டு பார்க்கிறேன். நான் வாங்கிய கடிதங்களில் ஒன்று நான் சிஎன்ஏவாக (நர்ஸுக்கு உதவியாளர்) வேலை செய்த இடத்தின் சார்ஜ் நர்ஸ் (ஷிப்டுப் பொறுப்பு நர்ஸ்) எழுதியது. அவருக்கு இருந்தது இரண்டு வருட அசோசியேட் டிகிரிதான். டிமென்ஷியா உள்ள ஒரு பாட்டி குளிக்கவே மாட்டேன் என்று எல்லாரையும் அடிப்பார், நான் அவரிடம் எப்படிப் பேசிக் கூட்டிக்கொண்டு போவேன் என்று நான்கு வரி எழுதியிருந்தார். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வியே கேட்டார்கள்.

வீல்சேர் தள்ளுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். 14 மாதம் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் போயிருக்கிறீர்கள் என்றாலே எழுத விஷயம் இருக்கிறது. வாலண்டியர் கோஆர்டினேட்டரிடம் உங்கள் மணிக்கணக்கு பதிவாக இருக்கும். அதைவிட, நீங்கள் போகிற மாடியில் உங்களை வாராவாரம் கூப்பிடும் நர்ஸோ நர்ஸ் மேனேஜரோ இருந்தால் அவர்தான் முதல் ஆள்.


பழைய வாத்தியார் (ஒஹாயோ), அக்டோபர் 7

நான் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பகுதி நேரமாக மைக்ரோபயாலஜி லேப் எடுத்தவன், பதினோரு வருடம். கடிதம் எழுதுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கூச்சத்தை முதலில் பேசிவிடுவோம். எங்களிடம் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நர்சிங் போகிறவர்கள்தான், கடிதம் கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அது இந்த வேலையோடு வருகிற விஷயம். நீங்கள் கேட்பதால் யாருக்கும் கோபம் வராது. கோபம் வருவது எப்போது தெரியுமா? டிசம்பர் 20 அன்று, செமஸ்டர் முடிந்து மார்க்கெல்லாம் போட்டு லீவில் இருக்கும்போது, "சார், நாளைக்குக் கடைசித் தேதி" என்று ஒரு மெயில் வரும்போது. பகுதி நேர ஆசிரியர்களில் பலர் ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவர்கள், செமஸ்டர் முடிந்தால் காலேஜ் மெயிலைத் திறக்கவே மாட்டார்கள். அடுத்த செமஸ்டரில் வகுப்பே கொடுக்காமல் போகலாம், அப்போது அந்த மெயிலும் போய்விடும். அதனால் உங்கள் லேப் மேடத்திடம் இந்த மாதமே கேளுங்கள், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங்கைத் தாண்டவே விடாதீர்கள்.

மெயிலில் கேட்பதைவிட நேரில் கேட்பது நல்லது. ஆபீஸ் ஹவருக்கு (மாணவர்களைப் பார்க்க ஆசிரியர் ஒதுக்கும் நேரம்) போங்கள், இல்லையென்றால் லேப் முடிந்து மேசை துடைக்கும் நேரம். "எனக்கு ஒரு லெட்டர் வேண்டும்" என்று கேட்காதீர்கள். "என்னைப் பற்றி உறுதியாக ஆதரித்து எழுதும் அளவுக்கு என்னை உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி அவருக்கு மறுக்க ஒரு மரியாதையான வழி கொடுக்கிறது. தயங்கினாலோ, "உன் மார்க்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றாலோ நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளிடம் போங்கள். மனது கஷ்டப்படும், ஆனால் அரைமனதாக எழுதிய கடிதம் உள்ளே போய்விட்டால் அதை எடுக்க முடியாது. நர்சிங்கேஸில் ஒருவர் எழுதி முடித்து அனுப்பிவிட்டால் அப்புறம் அதை நீக்கவோ மாற்றவோ முடியாது.

"ஏ கிரேடு வாங்கினார், நல்ல மாணவி, வகுப்புக்குத் தவறாமல் வருவார்" என்று எழுதினால் அந்தக் கடிதம் வீண், இதெல்லாம் டிரான்ஸ்கிரிப்டிலேயே தெரியும். நான் சந்தோஷமாக எழுதிய ஒரு கடிதம் சொல்கிறேன். ஒரு மாணவிக்கு ஸ்ட்ரீக் பிளேட்டில் (பாக்டீரியாவைக் கம்பி வளையத்தால், அதாவது லூப்பால், இழுத்துப் பரப்பி வளர்க்கும் தட்டு) தனித்தனிக் காலனி வரவே இல்லை, எல்லாம் ஒன்றாகப் படர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரரின் தட்டைக் காட்டி மார்க் வாங்கியிருக்கலாம், சிலர் அதைத்தான் செய்வார்கள். இவர் தன் தட்டையே கொண்டுவந்து, "லூப்பை நடுவில் ஒரு தடவை சுடாமல் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன், திரும்பச் செய்யலாமா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது பி பிளஸ். ஆனால் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் உடனே போய்ச் சொல்கிற ஆள்தானே நர்ஸாக வேண்டும்? அதை அப்படியே எழுதினேன்.

இந்த மாதிரி விஷயம் எங்களுக்கு ஒரு வருடம் கழித்து நினைவில் இருக்காது. அதனால் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு கொடுங்கள்: எந்த செமஸ்டர், எந்தப் பிரிவு, லேப்பில் என்ன நடந்தது, எதில் தடுமாறினீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள், ஏன் நர்சிங். கூடவே ரெஸ்யூமே, கட்டுரை வரைவு, ஸ்கூல் பட்டியல், தேதி. நான் அந்தக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுவேன்.


கரிசல்காடு (சிகாகோ), அக்டோபர் 7

வாத்தியார் சார் சொல்வது சரி, ஆனால் ஒரு விஷயத்தில் நான் மாறுபடுகிறேன். எச்ஓடி "நீயே டைப் பண்ணு" என்றால் பண்ணிக் கொடுத்துவிட வேண்டியதுதான். நம் ஊரில் காலங்காலமாக அப்படித்தான் நடக்கிறது. எம்எஸ் வந்தவர்களில் எத்தனை பேர் தன் கடிதத்தைத் தானே எழுதவில்லை? அவருக்கு நேரமில்லை, படித்துப் பார்த்துச் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போடுகிறார்?


இரவுப்பணி, அக்டோபர் 7

அண்ணா, இங்கே கையெழுத்துப் போட்டு சீல் வைத்த தாளுக்கு இடமே இல்லை. "டு ஹூம்ஸோஎவர்" என்று லெட்டர்ஹெட்டில் வாங்கி ஸ்கேன் செய்து நாமே ஏற்ற முடியாது. நாம் அவர் பெயரும் மெயிலும் மட்டும்தான் கொடுக்கிறோம், லிங்க் அவருக்குப் போகும், அவரே உள்ளே போய் எழுதி அனுப்ப வேண்டும். அவர் பெயரில் நாம் மெயில் திறந்து நாமே நிரப்பினால் அது மோசடி, பின்னால் தெரியவந்தால் கிடைத்த சீட்டும் போகும். நர்ஸ் லைசென்ஸ் கேட்கும்போது நன்னடத்தை பற்றியும் கேட்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அதை விடுங்கள். நாமே நம்மைப் பற்றி எழுதினால் என்ன வரும்? "கடின உழைப்பாளி, அர்ப்பணிப்பு உள்ளவர்" இதுதான் வரும். நாம் லேப்பில் எப்படி இருந்தோம் என்பது வெளியிலிருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். கட்டுரையும் கடிதமும் ஒரே கை எழுதியது போல இருந்தால் படிக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.


கரிசல்காடு, அக்டோபர் 8

லிங்க் விஷயம் எனக்குத் தெரியாது, நான் வந்தது 2004இல், அப்போது மூடிய கவர்தான். ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஊரில் இருக்கிற ஆசிரியருக்கு இங்கே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியாதே, அவரை எப்படித் தயார் செய்வது?


பழைய வாத்தியார், அக்டோபர் 8

போன் பண்ணி அரை மணி நேரம் பேசலாம். ஃபைனல் இயர் புராஜெக்டில் நடந்ததை இரண்டு பேரும் சேர்ந்து ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அப்புறம் அவர் நடையில், அவர் ஆங்கிலத்தில் எழுதட்டும், கொஞ்சம் பழைய பாணியில் இருந்தால் ஒன்றும் குறையாது. ஆனால் என்னைக் கேட்டால் 2011இல் பார்த்த எச்ஓடி இங்கே தேவையே இல்லை. அத்தனை வருடத்துக்கு முன் பார்த்ததைவிடப் போன வருடம் பார்த்தவர் சொல்வதற்கு எடை அதிகம்.


செங்காந்தள் (மினசோட்டா), அக்டோபர் 9

யாரும் சொல்லாத ஒன்று. நர்சிங்கேஸில் கடிதம் எழுதுகிறவர் பெயரைச் சேர்க்கும்போது, கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கட்டம் வரும். இது 1974இல் வந்த ஃபெர்ப்பா என்ற அமெரிக்கக் கல்விப் பதிவுச் சட்டத்தால் வருவது. மாணவர் தன் கல்விப் பதிவுகளைப் பார்க்கலாம் என்று அந்தச் சட்டம் உரிமை கொடுக்கிறது, பரிந்துரைக் கடிதத்துக்கு மட்டும் அந்த உரிமையை விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுத்தால்தான் சீட்டு என்று எந்த ஸ்கூலும் கட்டாயப்படுத்த முடியாது.

ஆனால் நடைமுறையில் எல்லாரும் சொல்வது விட்டுக்கொடுங்கள் என்றுதான், நானும் அதையே சொல்வேன். நீங்கள் விட்டுக்கொடுத்தீர்களா இல்லையா என்பது எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் தெரியும். பார்ப்பேன் என்று வைத்துக்கொண்டால் எழுதுகிறவர் மனதில் இருப்பதை முழுதாக எழுதியிருக்கமாட்டார் என்று படிக்கிறவர் நினைப்பார், சிலர் எழுதவே மறுத்துவிடுவார்கள். அதோடு, அந்த உரிமை நீங்கள் சேர்ந்து படிக்கிற ஸ்கூலில்தான் செல்லும், இடம் கொடுக்காத ஸ்கூலில் போய்க் காட்டுங்கள் என்று கேட்க முடியாது. எனவே வைத்திருந்தும் பெரிய பலன் இல்லை. கோரிக்கை போன பிறகு அந்தக் கட்டத்தை மாற்ற முடியாது, நிதானமாகப் பார்த்து டிக் பண்ணுங்கள்.


நெய்தல் (சாக்ரமெண்டோ), அக்டோபர் 11

மல்லிகை அக்கா, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். நான் சிஎன்ஏ, கலிபோர்னியாவில் 160 மணி நேரப் பயிற்சி முடித்து ஒரு நர்சிங் ஹோமில் இரண்டு வருடம் வேலை செய்தேன். டைரக்டர் ஆஃப் நர்சிங் எழுதித் தருகிறேன் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டார். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கூப்பிட்டு, ஊழியர்களுக்கு யாரும் பரிந்துரை எழுதக் கூடாது, சேர்ந்த தேதி விலகிய தேதி மட்டும்தான் உறுதி செய்து தர முடியும் என்று ஹெச்ஆர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அன்றைக்குக் காரிலேயே உட்கார்ந்து அழுதேன். முன்னாலேயே ஹெச்ஆரிடம் விதி என்ன என்று கேட்டிருந்தால் இரண்டு மாதம் கையில் இருந்திருக்கும்.

கடைசியில் என்னோடு ஒரு வருடம் ஷிப்டு பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போயிருந்த ஒரு ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) எழுதிக் கொடுத்தார். அவர் அங்கே இப்போது வேலை செய்யவில்லை என்பதால் அந்த விதி அவரைக் கட்டுப்படுத்தவில்லை. எனவே கேட்கும்போதே, "உங்கள் நிறுவனம் இதை அனுமதிக்கிறதா?" என்று சேர்த்துக் கேளுங்கள். மூன்று வேண்டுமென்றால் நான்காவதாக ஒருவரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.


ஆலங்காடு (சான் ஹோசே), அக்டோபர் 11

சின்னதாக ஒன்று. ஏபிஎஸ்என் மட்டும்தான் வழி என்றில்லை. கம்யூனிட்டி காலேஜ் ஏடிஎன் (நர்சிங் அசோசியேட் டிகிரி) படிப்புகளில் பலவற்றுக்குப் பரிந்துரைக் கடிதமே வேண்டாம், ஜிபிஏவும் (சராசரி மதிப்பெண்) டீஸ் என்ற நர்சிங் நுழைவுத் தேர்வு மார்க்கும் பார்த்துப் புள்ளி போடுவார்கள், சில இடத்தில் குலுக்கல்கூட உண்டு. நான் அப்படித்தான் போனேன், அதே என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் தேர்வு) தான் எழுதினேன், அதே ஆர்என் லைசென்ஸ்தான். கடிதத்துக்காக மட்டும் மனதைத் தளர விடாதீர்கள்.


மல்லிகைச்சரம், நவம்பர் 2

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

லேப் மேடத்தை வாத்தியார் சார் சொன்னபடியே நேரில் போய்க் கேட்டேன். "உறுதியாக எழுதும் அளவுக்கு என்னைத் தெரியுமா" என்ற வாக்கியத்தைக் காரில் போகும்போது இருபது தடவை சொல்லிப் பார்த்திருப்பேன். கேட்டதும் சிரித்துவிட்டு, "கிராம் ஸ்டெயினில் (பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றும் சோதனை) உன் மேசையில் இருந்த பையனுக்கு நிறம் வராதபோது நீதானே திரும்பச் சொல்லிக் கொடுத்தாய்?" என்றார். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த மாடியின் நர்ஸ் மேனேஜரும் ஒத்துக்கொண்டார். அவருக்கு எழுதிய மெயிலை ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன், சாராம்சம் இதுதான்: "சனிக்கிழமை காலை உங்கள் மாடியில் 14 மாதமாக வருகிறேன். ஜனவரி 15க்குள் மூன்று நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். நோயாளிகளோடு நான் நடந்துகொள்வதை நேரில் பார்த்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். எழுத உங்களுக்கு மனமும் நேரமும் இருக்குமா, ஆஸ்பத்திரி விதி அனுமதிக்குமா? முடியாதென்றாலும் எனக்குச் சங்கடமில்லை. சரி என்றால் என் குறிப்புகளை அனுப்புகிறேன், டிசம்பர் 10க்குள் முடித்தால் எனக்குப் பெரிய உதவி." அவர் ஹெச்ஆரிடம் கேட்டுவிட்டு, வாலண்டியர்களுக்கு எழுதத் தடை இல்லை என்றார்.

மூன்றாவதுதான் சிக்கல். ஆன்லைன் அனாட்டமி பேராசிரியருக்கு எழுதினேன், மரியாதையாக மறுத்துவிட்டார், உன்னைப் பற்றி மார்க்கைத் தாண்டி எழுத எனக்கு எதுவும் இல்லை என்று. ஒரு நாள் முழுக்க மனது சரியில்லை. இப்போது யாரைக் கேட்பது?


பழைய வாத்தியார், நவம்பர் 2

அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். வாலண்டியர் கோஆர்டினேட்டர் இருக்கிறாரே? அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நேரில் படித்தீர்களா?


மல்லிகைச்சரம், நவம்பர் 3

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நேரில்தான் சார், மாலை வகுப்பு. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம்கூட ஆபீஸ் ஹவருக்குப் போய் விட்டதைப் படித்துக்கொண்டேன், அவருக்கு நினைவிருக்கும். நாளைக்கே போகிறேன்.

இன்னொரு கேள்வி, கடிதம் கொடுப்பவர்களுக்குத் தீபாவளிக்கு முறுக்கும் ஒரு சால்வையும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். சரியா?


செங்காந்தள், நவம்பர் 3

கடிதம் போய்ச் சேரும்வரை எதுவும் கொடுக்காதீர்கள் தோழி, நீங்கள் அன்போடு கொடுத்தாலும் அவர்களுக்குத் தர்மசங்கடம். ஆஸ்பத்திரி ஊழியர்கள் பரிசு வாங்கக் கூடாது என்றுகூட விதி இருக்கும். முடிந்த பிறகு கையால் எழுதிய ஒரு நன்றி கார்டு போதும், அதோடு எங்கே இடம் கிடைத்தது என்று கட்டாயம் சொல்லுங்கள்.


மல்லிகைச்சரம், டிசம்பர் 12

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் முதல் ஆளாக அனுப்பிவிட்டார், நவம்பர் 20க்கே. லேப் மேடம் போன வாரம். நர்ஸ் மேனேஜருடையது மட்டும் வரவில்லை. 10ஆம் தேதி தாண்டியும் காணோம், நினைவூட்டக் கை வரவில்லை, அப்புறம் நெய்தல் காரில் அழுததை நினைத்துக்கொண்டு நேற்று அனுப்பினேன். பார்த்தால் லிங்க் ஸ்பாம் பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கிறது, அவர் நான் இன்னும் அனுப்பவில்லை என்று காத்துக்கொண்டிருந்தாராம். ஆஸ்பத்திரி மெயில் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் போலிருக்கிறது. பெயரைச் சேர்த்த அன்றைக்கே "லிங்க் வந்ததா, ஸ்பாமில் பாருங்கள்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் ஐந்து வாரம் வீணாகியிருக்காது. இதைப் படிக்கிறவர்கள் அதை மட்டும் செய்துவிடுங்கள்.

இன்று மதியம் மூன்றும் வந்துவிட்டதாகக் காட்டுகிறது. கார்டு மூன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் எழுத வேண்டும்.


நெய்தல், டிசம்பர் 12

அக்கா, நர்ஸ் மேனேஜர் கார்டைத் தபாலில் போடாமல் சனிக்கிழமை நேரில் கொடுங்கள். விண்ணப்பம் முடிந்ததும் வாலண்டியர் போவதை நிறுத்திவிடாதீர்கள், நேர்முகத்தில் இப்போதும் போகிறீர்களா என்று என்னிடம் கேட்டார்கள்.


மல்லிகைச்சரம், டிசம்பர் 13

நிறுத்தமாட்டேன்பா. இந்தச் சனிக்கிழமை ஏழரைக்கே போகிறேன், இரண்டு பேர் லீவாம்.